புழுக்காரம்மாவும் சத்தப்பெட்டியும்

பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்தில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் சட்டென்று புரியாது. புழுக்காரம்மா என்றால் வாசல் காவலாளிகூட மூன்றாவது அறையைக் கைகாட்டுவார். கேலிக்காக வைத்த பெயர்தான் அது. ஆனால் அவள் அதைப் பதவி உயர்வு மாதிரி ஏற்றுக்கொண்டாள். புழு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, இந்த அலுவலகத்தில் அப்படி எத்தனை பேர் என்று வீட்டில் கேட்பாள்.

வேலைக்குச் சேர்ந்தபோது அவள் தட்டச்சர். வயலிலோ தோட்டத்திலோ சேதம் என்று புகார் வந்தால் கள உதவியாளர்கள் போய்ப் பார்த்து ஒரு படிவம் நிரப்புவார்கள். அதைச் சுத்தமாக அடித்துக் கொடுப்பது அவள் வேலை. ‘சேதத்துக்குக் காரணம்’ என்று அதில் ஒரு கட்டம் உண்டு. பூச்சி என்று எழுதியிருப்பார்கள். இல்லாவிட்டால் விலங்கு என்று எழுதியிருப்பார்கள். நாலு வருடம் அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் அடித்து அடித்து அவளுக்கு வெறுத்துப் போனது. என்ன பூச்சி, எந்த விலங்கு என்று கேட்டால் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் தோட்டத்துக்குள் கால் வைப்பதே இல்லை, சாலையோர டீக்கடையில் உட்கார்ந்தபடியே கட்டத்தை நிரப்பிவிடுகிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஒருமுறை கள உதவியாளர் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட, வேறு ஆள் இல்லாமல் அவளை அனுப்பினார்கள். காட்டுப்பன்றி புகுந்து மக்காச்சோளத்தை அழித்துவிட்டது என்று புகார். பன்றி புகுந்த கொல்லை எப்படி இருக்கும் என்று முதல் நாள் புத்தகத்தில் படித்துக்கொண்டு போயிருந்தாள். மண் கிளறியிருக்கும், தட்டைகள் மிதிபட்டுச் சாய்ந்திருக்கும், கதிர் மென்று துப்பிக் கிடக்கும். இங்கேயோ தட்டைகள் எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் வெட்டுப்பட்டு நின்றன. கீழே ஒரு கதிர்கூட இல்லை. காரணம் என்ற கட்டத்தில் அவள் இப்படி எழுதினாள்: ‘விலங்கு. இரண்டு கால். அரிவாள் பிடிக்கத் தெரிந்தது.’

பக்கத்துக் கொல்லைக்காரர் வீட்டு மொட்டை மாடியில் கதிர்கள் காய்ந்துகொண்டிருந்தன. அன்றைக்கு இருந்த அதிகாரி படிவத்தைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். மறுவாரமே அவளைக் கள வேலைக்கு மாற்றினார். தான் பார்த்த அதிகாரிகளில் தலைக்குள் ஏதோ இருந்த ஒரே ஆள் அவர்தான் என்பது அவள் கணிப்பு. அவரும் ஆறே மாதத்தில் மாற்றலாகிப் போய்விட்டார்.

அப்புறம் இருபத்தாறு வருடம். தோளில் ஒரு துணிப்பை, அதில் மடக்குக் கத்தி, பூதக்கண்ணாடி, பத்துப் பதினைந்து காலித் தீப்பெட்டிகள். இலையில் ஓட்டை விழுந்திருந்தால் அதன் ஓரத்தைப் பார்த்தே கம்பளிப்பூச்சியா வண்டா வெட்டுக்கிளியா என்று சொல்லிவிடுவாள். பட்டையில் வழிந்த தூளை விரலில் தேய்த்துப் பார்த்து, உள்ளே துளைக்கும் புழு எத்தனை நாள் வயசு என்பாள். அவள் கணவர் தையல்காரர், வாய் அதிகம் இல்லாத மனிதர். ஒருநாள் பித்தான் என்று நினைத்துத் தீப்பெட்டியைத் திறந்து, சுருண்டு கிடந்த வெள்ளைப் புழுவைக் கையில் எடுத்துவிட்டார். அதற்கும் சத்தம் போடவில்லை. மூடி வைத்துவிட்டு, உன் ஆள் ஒருத்தர் என் மேஜையில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னார்.

பூச்சிகளிடம் அவளுக்கு இருந்த மரியாதையில் கால்வாசிகூட மனிதர்களிடம் கிடையாது. எந்த நோய்க்கும் ஒரே மருந்தை அடிக்கிறவர்கள், பக்கத்துத் தோட்டத்தில் அடித்தார்கள் என்பதற்காகத் தானும் அடிக்கிறவர்கள், புட்டியில் சிங்கப் படம் இருந்தால் வீரியம் அதிகம் என்று நம்புகிறவர்கள் என்று அவளிடம் ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலின் தலையில் பூச்சிமருந்துக் கடைக்காரர்கள் இருந்தார்கள்.

அவளுடைய ஒரே மகள் ஒரு பூச்சிமருந்துக் கடைக்காரரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றாள். ஊரில் இத்தனை தொழில் இருக்க இதுதானா கிடைத்தது என்று தாய் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசினாள். கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை நல்ல மாதிரிதான். அத்தை அத்தை என்று உருகுவார். சந்தைத் தெருவில் கடை. ஆனால் விசேஷங்களுக்குப் போகும்போதுகூட அவள் அந்தக் கடை வாசலைத் தாண்டுகையில் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். மருந்து வாடைக்காகத்தான் என்பாள். மகளுக்குத் தெரியும், வாடைக்காக இல்லை என்று.

அவள் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கையில், வாய்க்கால் கரையில் எண்ணூறு கொய்யா மரம் வைத்திருந்த பெரிய தோட்டக்காரரிடமிருந்து அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தது. காய்கள் பழுக்கும் முன்பே உதிர்கின்றன, உள்ளே அழுகல், எல்லாம் வௌவால் செய்கிற வேலை, தோட்டத்து ஓரத்தில் வௌவால்கள் தொங்கும் பழைய அத்திமரத்தை வெட்ட அனுமதி வேண்டும். அதிகாரி புதியவர், இளையவர், எதற்கும் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டே பேசுகிறவர். போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அவளை அனுப்பினார்.

தோட்டத்தில் மரத்துக்கு மரம் பழம் உதிர்ந்து மெத்தை போட்டாற்போல் கிடந்தது. அவள் ஒன்றை எடுத்துக் கத்தியால் பிளந்தாள். வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்தன. இரண்டு எம்பிக் குதித்து, கூட வந்த தோட்டக்காரப் பெரியவரின் செருப்பில் விழுந்தன. பழ ஈயின் புழு. ஈ காயிலேயே ஊசி குத்துவது மாதிரி குத்தி முட்டை இட்டுவிடும், புழு உள்ளேயே தின்று வளரும், காய் உதிர்ந்ததும் வெளியே வந்து மண்ணுக்குள் புகுந்துகொள்ளும், பத்துப் பன்னிரண்டு நாளில் ஈயாக மேலே வரும். வௌவால் கடித்த பழத்தில் பல் பதிந்திருக்கும், சக்கை கிடக்கும். இங்கே ஒன்றுகூட அப்படி இல்லை. அவள் இதையெல்லாம் பொறுமையாகத்தான் சொன்னாள், அவளால் முடிந்த அளவுக்கு.

“வௌவாலோட எச்சில் பட்டுத்தான் புழு வெச்சிருக்கு” என்றார் பெரியவர்.

“எச்சில் பட்டா புழு வைக்கும்னா, நேத்து நீங்க கடிச்சு மீதி வெச்ச பழத்துலயும் வெச்சிருக்கணுமே சார்.”

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. எண்ணூறு மரத்தைக் கேவலம் ஓர் ஈயா கெடுக்கும் என்று கேட்டார். அவளுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. பெரிய தோட்டக்காரருக்குப் பெரிய எதிரி வேண்டும். இறக்கை விரித்தால் இரண்டு முழம் வருகிற வௌவாலிடம் தோற்றேன் என்று நாலு பேரிடம் சொல்லலாம். சோற்றுப் பருக்கை அளவு ஈயிடம் தோற்றேன் என்று எப்படிச் சொல்வது?

தினமும் காலையில் உதிர்ந்த பழத்தையெல்லாம் பொறுக்கி, இரண்டடி ஆழக் குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள், இரண்டு மாதத்தில் பாதி ஈ குறையும் என்றாள். குப்பை பொறுக்கச் சொல்வதற்கா அரசாங்கம் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது என்று அவர் கேட்டார்.

அவள் நாலு பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, அடியில் மணல் பரப்பிய கண்ணாடிச் சாடியில் வைத்து, கணவரிடம் ஒரு துண்டு மெல்லிய லைனிங் துணி வாங்கி வாயைக் கட்டினாள். இரண்டு வாரத்தில் உள்ளே முப்பது நாற்பது ஈக்கள், தேன் நிறத்தில், கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தன. சாடியை அப்படியே அதிகாரி மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நாறுகிறது, முதலில் இதை வெளியே எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். ஈக்களைப் பார்த்தாரா என்றால் பார்க்கவில்லை. குழி தோண்டி மூடுவதெல்லாம் பழைய முறை, இப்போது எவ்வளவோ நவீன வழிகள் வந்துவிட்டன என்று கணினித் திரையைப் பார்த்துச் சொன்னார்.

அந்த நவீன வழி அவள் மாப்பிள்ளை கடையில்தான் இருந்தது. பச்சை நிறப் பெட்டி, நாலு பக்கமும் புனல் வாய். கம்பத்தில் கட்டினால் மனிதக் காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தை எழுப்பிப் பூச்சி, பறவை, விலங்கு எல்லாவற்றையும் விரட்டிவிடுமாம். அட்டையில் வௌவால், எலி, அணில், கிளி, ஈ எல்லாவற்றின் மேலும் சிவப்புப் பெருக்கல் குறி. ஒரு யானை மேலும் இருந்தது. கேட்காத சத்தத்தில் ஒரு பெரிய வசதி, நின்றுபோனாலும் யாருக்கும் தெரியாது என்று அவள் மகளிடம் சொன்னாள். மகள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

பெரிய தோட்டக்காரர் ஆறு பெட்டி வாங்கினார். வௌவால் தானாகவே ஓடிவிடும் என்பதால் அத்திமரத்தை வெட்டும் பேச்சை விட்டார். அந்த மட்டில் பெட்டி ஓர் உயிரைக் காப்பாற்றியது. வாரா வாரம் போய்ப் பெட்டியின் பலனைக் குறித்து வரும்படி அதிகாரி அவளுக்கே உத்தரவு போட்டார். தன் தலையெழுத்தைத் தானே குறித்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள் என்று அவள் கணவரிடம் சொன்னாள்.

மூன்றாவது வாரம் போனபோது, ஆறு பெட்டிக்கும் மின்சாரம் போகிற மோட்டார் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். பேட்டரியிலிருந்து கிளம்பிய கம்பி ஒரு சாண் தூரத்தில் அறுந்து தொங்கியது. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இரண்டு பள்ளம், ஐயத்துக்கு இடமே இல்லாத எலிப் பல். பேட்டரிக்குப் பின்னால் கூடு. எலியை விரட்டும் பெட்டிக்கு உரிய விளக்கத்தாளைத்தான் எலி நறுக்கி மெத்தையாகப் போட்டிருந்தது. சிவப்புப் பெருக்கல் குறி போட்ட எலிப்படத்தின் பாதி மேலே தெரிந்தது. அவள் மோட்டார் மேலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டுப் பழம் பறிக்கும் பெண்களின் தலைவி வந்தாள். குரல் ஆணுடையது மாதிரி இருப்பதால் அவளைக் கட்டைக்குரல் என்று கூப்பிடுவார்கள். அறுந்த கம்பியைப் பார்த்தும் அவள் சிரிக்கவில்லை.

“இதை அவர்கிட்டச் சொல்லிடாதீங்கம்மா” என்றாள்.

ஏன் என்றதற்குத் தன் இரண்டு கையையும் நீட்டினாள். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து, வெளுத்து, வெடித்திருந்தது. போன வருடம் பறிப்புக்கு முந்தின நாள்கூட மரத்துக்கு மருந்து அடித்தாராம். ஈர மரத்தில்தான் ஏறிப் பறித்தார்களாம். இந்த வருடம் பெட்டி வந்ததிலிருந்து அடிக்கவில்லை. பெட்டி வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் மறுநாளே மருந்துத் தொட்டி வந்து நிற்கும்.

புழுக்காரம்மா அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடம் இலையையும் பட்டையையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவள், பறிக்கிறவர்கள் கையைப் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த நினைப்பு அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சலோடே எழுந்து பெரியவரின் வீட்டுக்குப் போனாள்.

வாழ்க்கையில் அவள் சொன்ன முதல் தொழில்முறைப் பொய் அது. பெட்டி நன்றாக இருக்கிறது, ஆனால் முழுப் பலன் தரவில்லை, காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஆரம்பித்தாள். பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சத்தம் தரையில பட்டுத் திரும்பி மேல வரணும் சார். கீழ பழம் அழுகிக் கிடந்தா மெத்தை மாதிரி சத்தத்தை உறிஞ்சிடுது. தினமும் காலைல தரையைத் துடைச்ச மாதிரி வெச்சுக்கணும். பொறுக்கின பழத்தையும் மேல போட்டா அங்கயும் உறிஞ்சும். ரெண்டடி ஆழத்துல புதைச்சுடணும்.”

பெரியவர் மெதுவாகத் தலையாட்டினார்.

“நானும் அதையேதான் நினைச்சேன்” என்றார்.

அவளுக்கு நாக்கின் நுனி வரை ஒன்று வந்தது. முழுங்கிக்கொண்டாள். நடுவில் மருந்து அடித்தால் பெட்டியின் புனலில் படிந்து சத்தம் கம்மிப்போகும் என்று இன்னொரு பொய்யையும் சேர்த்து வைத்தாள். முதல் பொய்தான் தொண்டையில் சிக்கியது. இரண்டாவது வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது என்று பிறகு கணவரிடம் சொன்னபோது, வாயில் குண்டூசிகளை வைத்திருந்த அவர் சிரிக்க முடியாமல் தவித்தார்.

மறுநாளே குழி வெட்டினார்கள். கட்டைக்குரலும் அவள் ஆட்களும் விடிந்ததும் கூடை கூடையாகப் பொறுக்கிக் கொட்டி மூடினார்கள். முதல் வாரம் பதினெட்டுக் கூடை. ஐந்தாவது வாரம் ஏழு. பத்தாவது வாரம் ஒரு கூடை நிறையவில்லை. பறித்த பழத்தைப் பிளந்தால் உள்ளே வெள்ளையாக, சுத்தமாக, கல்கண்டு மாதிரி இருந்தது. பெரியவர் வருகிறவர் போகிறவரையெல்லாம் கம்பத்தடிக்கு அழைத்துப் போய், கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள், லேசாக ஒரு ரீங்காரம் தெரியும் என்றார். கேட்டவர்களில் நாலு பேருக்குத் தெரியவும் தெரிந்தது.

அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். பெரியவர் பேசினார். அதிகாரி திரையில் படங்கள் காட்டினார். மாப்பிள்ளையை மேடைக்கு அழைத்துக் கைதட்டினார்கள். நம் ஊழியர் ஒருவரும் இயந்திரத்துக்கு உறுதுணையாக இருந்தார் என்று அதிகாரி கடைசியில் ஒரு வரி சொன்னார். யார் என்று சொல்ல மறந்துவிட்டார். முன் வரிசையில் மகள் பூரித்துப் போய் உட்கார்ந்திருந்தாள். புழுக்காரம்மா பின் வரிசையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, மேடையில் இருக்கும் ஒவ்வொருவரும் எந்த இலையைத் தின்னும் வகை என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்த மறுநாள் அவள் முதல்முறையாக மூக்கை மூடாமல் மாப்பிள்ளை கடைக்குள் போனாள். கடையில் ஆள் இல்லாத நேரம். எலி, கம்பி, கூடு, பொய் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். மனுஷன் மழுப்புவார், சண்டைக்கு வருவார், தனக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று கண்ணடிப்பார் என்று மூன்றுக்கும் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தாள். மாப்பிள்ளை எதுவும் செய்யவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறிப் போயிருந்தது.

“எங்க வீட்டு மொட்டை மாடிலயும் ஒண்ணு மாட்டியிருக்கேன் அத்தை. எலி வரக்கூடாதுன்னு.”

“எலி வருதா?”

“வருது. அது வேற தெருவுல இருந்து வர்ற எலின்னு நினைச்சேன்.”

இத்தனை வருடம் இவரைத் திருடன் என்று நினைத்திருந்தாள். வெறும் அப்பாவி. இரண்டில் எது மோசம் என்று அவளால் உடனே தீர்மானிக்க முடியவில்லை. அப்பாவிக்கு மகளைக் கொடுத்திருக்கிறோம் என்பது திருடனுக்குக் கொடுத்ததைவிடச் சற்று ஆறுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் விற்பதை நிறுத்துங்கள் என்றாள். மாப்பிள்ளை இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் வீட்டுக்கே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, தான் நிறுத்தினால் எதிர்க்கடைக்காரர் விற்பார், அவர் கொடுக்கும் தாளில் குழி வெட்டச் சொல்லியிருக்காது என்றார். பையிலிருந்து புதிதாக அச்சடித்த விளக்கத்தாளை எடுத்து நீட்டினார். முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில்: தினமும் காலையில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைக்கவும், பெட்டி உள்ள இடத்தில் மருந்து அடிக்கக் கூடாது. இல்லாவிட்டால் அழுகல் சத்தத்தை உறிஞ்சும், இயந்திரம் வேலை செய்யாது. யானையை எடுத்துவிட்டிருந்தார்.

அவள் தாளை இரண்டு முறை படித்தாள். இருபத்தாறு வருடமாகத் தொண்டை வறளச் சொல்லியும் ஒருவர் காதிலும் ஏறாதது, பெட்டியோடு இலவசமாகக் கொடுத்த தாளில் ஏறிவிட்டது. அடுத்த வருடம் வாய்க்காலின் இரண்டு கரையிலும் ஈ குறைந்தது. அலுவலகமே அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. தட்டச்சு செய்யும் பெண் பிழை பார்க்கச் சொல்லி அவளிடம்தான் கொண்டுவந்தாள். ‘சத்தத்தை உறிஞ்சும்’ என்ற இடத்தில் அவள் பேனா சற்று நின்றது. பிறகு ஒற்றெழுத்து ஒன்றை மட்டும் திருத்திக் கொடுத்தாள்.

ஓய்வு பெறுவதற்கு மூன்று மாதம் முன்பு, நாற்பது மரம் வைத்திருக்கும் ஓர் ஆள் தூரத்திலிருந்து பஸ் பிடித்து அவளைத் தேடி வந்தார். சட்டைப் பையில் அந்தச் சுற்றறிக்கைத் தாள் நாலாக மடித்து இருந்தது. பெட்டி வாங்க வசதி இல்லை, அதனால் தாளில் சொன்ன மற்றதை மட்டும் செய்து வந்தேன், இந்த வருடம் பழத்தில் புழுவே இல்லை, இது எப்படி என்று கேட்டார்.

அவளுக்குச் சட்டென்று ஒரு சந்தோஷம் பொங்கியது. இத்தனை வருடத்தில் ‘எப்படி’ என்று கேட்டு வந்த ஒரே ஆள். நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். பையிலிருந்து பழத்தை எடுத்துப் பிளந்து காட்டினாள். ஈ எங்கே குத்தும், புழு எப்படி மண்ணுக்குள் போகும், இரண்டடிக்குக் கீழே போனால் ஏன் மேலே வர முடியாது என்று அரை மணி நேரம் சொன்னாள். பெட்டியில் ஒன்றுமே இல்லை, எல்லாம் நீங்கள் குனிந்து பொறுக்கியதால் வந்தது என்றாள். அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். பூதக்கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். நடுநடுவே சரி, சரி என்றார். முடிந்ததும் எழுந்து இரண்டு கையையும் கூப்பினார்.

“எல்லாம் நல்லா விளங்குச்சும்மா. பெட்டி இல்லாமலே இவ்வளவு பலன்னா, பெட்டியும் வெச்சா எப்படி இருக்கும்! அது எங்க கிடைக்கும்?”

புழுக்காரம்மா கத்தியைத் துடைத்து மடக்கினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் துளிக் கள்ளம் இல்லை. மேஜையிலிருந்து ஒரு காகிதத்தைக் கிழித்து, சந்தைத் தெரு, வலது பக்கம் மூன்றாவது கடை என்று எழுதினாள். கடைக்காரர் என் மாப்பிள்ளைதான், குனிந்து பொறுக்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லி அவர் கையில் கொடுத்தாள்.